அமெரிக்க 'டாப் கியர்' மீது ரசிகர்களுக்கு ஏன் அத்தனை கோபம்?

நீங்கள் எழுதியிருந்தது இரண்டே வரி. பிரிட்டனின் 'டாப் கியர்' கார் நிகழ்ச்சியை அமெரிக்காவில் எடுத்தபோது பழைய ரசிகர்கள் ஏன் அதை அப்படித் திட்டித் தீர்த்தார்கள், அது உண்மையிலேயே அவ்வளவு மோசமா? முதல் வரிக்குப் பதில் சொல்வது எளிது. இரண்டாவது வரிக்குள் வேறொரு கேள்வி ஒளிந்திருக்கிறது. ஒரு நிகழ்ச்சியை வேறொரு நாட்டில் மறுபடி எடுக்கும்போது, முதல் வாரத்தில் பார்வையாளர் சொல்லும் தீர்ப்பை எவ்வளவு நம்பலாம் என்பதுதான் அது. நான் கார் நிபுணன் அல்லன். கிளட்ச் தேய்ந்திருக்கிறது என்று மெக்கானிக் சொன்னால் தலையாட்டிவிட்டுப் பணம் கொடுக்கிற ஆள். ஆனால் பத்தொன்பது ஆண்டுகள் தொலைக்காட்சியில் படத்தொகுப்பாளராக இருந்தேன். வெளிநாட்டில் வெற்றி பெற்று, உரிமை வாங்கித் தமிழில் எடுக்கப்பட்ட மூன்று நிகழ்ச்சிகள் என் மேசையைத் தாண்டிப் போயிருக்கின்றன. அந்த மேசையிலிருந்து பார்த்தால் தெரிவதைச் சொல்கிறேன்.

மூல நிகழ்ச்சியின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிபிசி 1977-இல் ஒரு வட்டார நிகழ்ச்சியாகத் தொடங்கிய 'டாப் கியர்', கார் வாங்குகிறவர்களுக்கு யோசனை சொல்லும் சாதுவான நிகழ்ச்சி. 2001-இல் அதை நிறுத்தினார்கள். 2002 அக்டோபரில் தொகுத்து வழங்கிய ஜெரமி கிளார்க்சனும் தயாரிப்பாளர் ஆண்டி வில்மனும் அதை வேறு உருவில் எழுப்பினார்கள். நாமெல்லாம் அறிந்த 'டாப் கியர்' இந்த இரண்டாம் பிறவிதான். அது உலகம் சுற்ற ஆரம்பித்தபின் அமெரிக்காவுக்கும் ஒன்று வேண்டும் என்ற எண்ணம் வந்தது. அமெரிக்கத் தொலைக்காட்சி நிறுவனமான என்பிசி 2008-இல் ஒரு மாதிரி நிகழ்ச்சியை எடுத்துப் பார்த்தது, ஒளிபரப்பாமல் கைவிட்டது. கார் பைத்தியமான ஜே லெனோவைத் தொகுத்து வழங்கக் கேட்டபோது அவர் மறுத்துவிட்டார். கடைசியில் ஹிஸ்டரி சானலில் 2010 நவம்பர் 21 அன்று அமெரிக்க 'டாப் கியர்' வெளிவந்தது. நகைச்சுவைக் கலைஞர் ஆடம் ஃபெராரா, பந்தய ஓட்டுநர் டேனர் ஃபவுஸ்ட், நாஸ்கார் பந்தய ஒளிபரப்புகளில் பேசிவந்த ரட்லெட்ஜ் வுட் ஆகிய மூவரும் வழங்கினார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் மிச்சிகனில் அக்கா வீட்டில் இருந்தேன். அத்தான் மூல நிகழ்ச்சியின் தீவிர பக்தர். ஒரு தொடர் விடாமல் பார்த்தவர். தேநீரும் முறுக்குமாக உட்கார்ந்தோம். முதல் காட்சியாக ஒரு டாட்ஜ் வைப்பர் காரைக் கோப்ரா ஹெலிகாப்டர் ஒன்று ஊருக்குள் துரத்தியது. விரியனை நல்ல பாம்பு துரத்துகிறது என்று நான் சிரித்தேன். அத்தான் சிரிக்கவில்லை. "லோட்டஸ் காரை அப்பாச்சி ஹெலிகாப்டர் துரத்தியதை இவர்கள் ஏற்கெனவே எடுத்தாயிற்று" என்றார். 'இவர்கள்' என்று அவர் சொன்னது பிரிட்டிஷ்காரர்களை. பிறகு ஸ்டுடியோ வந்தது, சுற்றி நிற்கும் கூட்டம் வந்தது, வெள்ளை உடையும் கறுப்புக் கண்ணாடித் தலைக்கவசமுமாக, யாரென்று காட்டாமல் கார்களைச் சோதித்து ஓட்டும் ஸ்டிக் வந்தார், பிரபலம் ஒருவரைச் சிறிய காரில் ஓட்டவைக்கும் பகுதியும் வந்தது. ஒவ்வொன்றுக்கும் அத்தான் மூலத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டே வந்தார். சர்ரே மாவட்டத்தில் டன்ஸ்ஃபோல்ட் என்ற பழைய விமானத்தளத்தில் பிபிசி கார் ஓட்டியது. இவர்கள் கலிஃபோர்னியாவில் எல் டோரோ என்ற பழைய விமானத்தளத்தைப் பிடித்திருந்தார்கள். இருபது நிமிடத்தில் தொலைக்காட்சியை அணைத்துவிட்டார்.

அந்த வாரம் வெளிப்பட்ட கோபம் முழுவதும் ஏறக்குறைய அத்தானின் கோபம்தான். மூவருக்கும் இடையே ஒட்டுதல் இல்லை. நகைச்சுவை எழுதிவைத்துப் படிப்பதுபோல் இருக்கிறது. மூலத்தை அச்சு அசலாக நகலெடுக்கிறார்கள். கார்களைக் கடிந்து ஒரு வார்த்தை சொல்லப் பயப்படுகிறார்கள். நிமிடத்துக்கு நிமிடம் விளம்பரம். இவற்றைச் சொன்னவர்களில் பெரும்பாலோர் குறைபாட்டைச் சரியாகவே பார்த்தார்கள், குற்றவாளியைத்தான் தவறாகப் பிடித்தார்கள் என்பது என் எண்ணம். அந்த மூன்று முகங்கள் மீது விழுந்த அடியில் பாதி கடிகாரத்துக்குப் போயிருக்க வேண்டியது.

கடிகாரம் என்று சொல்வதை விளக்க வேண்டும். பிபிசியில் விளம்பரம் கிடையாது. ஒரு மணி நேர நிகழ்ச்சி என்றால் ஒரு மணி நேரம். அமெரிக்கக் கேபிளில் ஒரு மணி நேரம் என்பது விளம்பரம் போக 42 முதல் 44 நிமிடம். அதிலும் ஒவ்வொரு இடைவேளைக்கும் முன்பு 'அடுத்து வருவது' என்று ஒரு துண்டு, இடைவேளை முடிந்ததும் 'இதுவரை நடந்தது' என்று ஒரு துண்டு. எஞ்சியதில் பெரிய சவால், கார் சோதனை, பிரபலம் என எல்லாவற்றையும் அடைக்க வேண்டும். எங்கள் தொழிலில் நேரம் குறைந்தால் முதலில் கத்தரிப்பது எதை என்று கேளுங்கள். தகவலை அல்ல, காட்சியை அல்ல, மௌனத்தை. ஒருவர் நக்கலாகப் பேசியபின் மற்றவர் முகம் மாறும் அந்த இரண்டு நொடி, பதில் தோன்றாமல் விழிக்கும் மூன்று நொடி, இவைதான் கதையை நகர்த்தாத பகுதிகள். ஆகவே கத்தரிக்கோலுக்கு முதல் பலி. ஆனால் மூல நிகழ்ச்சியை வழங்கிய கிளார்க்சன், ரிச்சர்ட் ஹாமண்ட், ஜேம்ஸ் மே மூவரின் நட்பு குடியிருந்ததே அந்த நொடிகளில்தான். ஜேம்ஸ் மே ஒரு திருகாணியைப் பார்த்துக்கொண்டு நிற்பதும், மற்ற இருவரும் பொறுமை இழப்பதும் நகைச்சுவையாக மாறுவதற்கு நேரம் வேண்டும். 'இவர்களுக்குள் ஒட்டுதல் இல்லை' என்று பார்வையாளர் சொல்லும்போது, ஒட்டுதல் படப்பிடிப்பில் இல்லாமல் போயிற்றா, தொகுப்பு மேசையில் போயிற்றா என்பதை அவர் அறிய வழியில்லை. என் அனுபவத்தில் பாதிக்கு மேல் மேசையில்தான் போகிறது. நானே போக்கியிருக்கிறேன். எங்கள் நிகழ்ச்சி ஒன்றில் தொகுப்பாளருக்குச் சிரிக்கவே தெரியவில்லை என்று புகார் வந்தது. அவர் நன்றாகச் சிரித்தார். சிரிப்பையெல்லாம் வெட்டியது நான்.

கடிகாரத்தைவிடச் சுவையான தவறு ஒன்று உண்டு. அதைப் பார்வையாளர்களில் சிலரே தொட்டார்கள். மூல நிகழ்ச்சியை வழங்கிய மூவரும் பேனாவோ மைக்கோ பிடித்துப் பிழைத்தவர்கள். கார் ஓட்டுவார்கள், ஆனால் வித்தகர்கள் அல்லர். ஸ்பேனரைக் கையில் எடுத்தால் நமக்குச் சிரிப்பு வரும். வித்தை தெரிந்தவர் நான்காவது ஆளான ஸ்டிக். அவருக்கு முகம் இல்லை, பேச்சு இல்லை, சொந்தப் பெயரும் இல்லை. மூவரைப் பார்த்துச் சிரிக்கலாம், நான்காமவரைப் பார்த்து வியக்கலாம். திறமையையும் கோமாளித்தனத்தையும் இப்படித் தனித்தனிப் பாத்திரத்தில் ஊற்றி வைத்ததில்தான் அந்த வடிவத்தின் சாமர்த்தியமே இருக்கிறது. அமெரிக்காவில் என்ன செய்தார்கள்? டேனர் ஃபவுஸ்டைத் தொகுப்பாளர் நாற்காலியில் உட்காரவைத்தார்கள். அவர் 2007, 2008 என இரண்டு முறை, காரைச் சறுக்கவிட்டு ஓட்டும் ஃபார்முலா டிரிஃப்ட் போட்டியில் சாம்பியன். 2011-இல் இண்டியானாபொலிஸ் பந்தய மைதானத்தில் ஒரு வண்டியை 332 அடி தூரம் பறக்கவிட்டுச் சாதனை படைத்தவர். அவரும் ஒரு நகைச்சுவைக் கலைஞரும் கார் ஓட்டிப் போட்டி போட்டால் யார் வெல்வார் என்பதில் என்ன சுவாரசியம்? இன்னொரு பக்கம், இவ்வளவு நன்றாக ஓட்டுகிறவர் முகத்தோடு நிற்கும்போது முகமூடி அணிந்த ஸ்டிக் எதற்கு? ஒரே இருக்கை மாற்றத்தில் போட்டியும் மர்மமும் சேர்ந்து நீர்த்துப் போயின. ஃபவுஸ்ட் மீது குற்றம் இல்லை. உரிமையோடு சேர்த்து வாங்கும் தடிமனான கையேட்டில் ஸ்டுடியோ விளக்குகள் எங்கே தொங்க வேண்டும் என்பது வரை எழுதியிருப்பார்கள். எந்தத் தூண் எதைத் தாங்குகிறது என்பது மட்டும் பெரும்பாலும் அதில் இருக்காது. அதை எழுதியவர்களுக்கே அது தெரியாமல் இருப்பதும் உண்டு.

இத்துடன் காலமும் எதிராக இருந்தது. 'தி ஆஃபீஸ்' தொடரை அமெரிக்காவில் 2005-இல் மறுபடி எடுத்தபோது, முதல் பகுதி பிரிட்டிஷ் மூலத்தின் வசனத்தை ஏறக்குறைய அப்படியே பின்பற்றியது. அதற்கும் முதல் சீசனில் முகச்சுளிப்புதான் கிடைத்தது. ஆனால் பெரும்பாலான அமெரிக்கர்கள் மூலத்தைப் பார்த்ததில்லை. அது முடிந்தும் போயிருந்தது. தொடர் தன் போக்கைக் கண்டுபிடித்து ஒன்பது சீசன் ஓடியது. 'டாப் கியர்' அப்படி இல்லை. 2010-இல் மூலம் முழு வீச்சில் ஓடிக்கொண்டிருந்தது. பிபிசி அமெரிக்கா என்ற சானல் அதை அமெரிக்க வீடுகளுக்கே கொண்டுவந்துகொண்டிருந்தது. ஓடிக்கொண்டிருக்கும் கடைக்கு எதிரிலேயே அதே பெயரில் இன்னொரு கடை திறந்தால் வாடிக்கையாளர் முதலில் கேட்பது 'இது எதற்கு' என்பதுதான். அதிலும் அவர்கள் ஒப்பிட்டது எதனோடு? பதினைந்து சீசன் முடித்துப் பழுத்த நிகழ்ச்சியோடு. அதே நிகழ்ச்சியின் 2002-ஆம் ஆண்டுத் தொடக்கத்தை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. அப்போது ஜேம்ஸ் மே கிடையாது. மூன்றாவது ஆளாக ஜேசன் டாவ் இருந்தார், ஒரே சீசனோடு போனார். காரும் ரயிலும் நாடு விட்டு நாடு ஓடும் பந்தயங்கள் 2004-இல்தான் வந்தன. ஒட்டுதல் என்று ரசிகர்கள் கொண்டாடியது முளைக்கவே இரண்டு மூன்று ஆண்டுகள் ஆயின. அந்த ஆண்டுகளை அமெரிக்க மூவருக்கு யாரும் தரவில்லை. தர வேண்டிய கடமையும் பார்வையாளருக்கு இல்லைதான். ஞாயிற்றுக்கிழமை மாலை அவருடையது.

'அமெரிக்கர்களுக்கு இந்தக் கிண்டல் வராது' என்று அப்போது நிறைய பேர் சொன்னார்கள். இதை என்னால் ஏற்க முடியவில்லை. அதற்குக் காரணம் 2016. அதற்கு முந்தைய ஆண்டு ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாமல் கிளார்க்சன் போனார், மற்ற இருவரும் அவரோடு போனார்கள், பிபிசி புதிய அணியை அமைத்தது. தலைமைத் தொகுப்பாளர் கிறிஸ் எவன்ஸ் அசல் ஆங்கிலேயர், அனுபவசாலி, கார் சேகரிப்பவர். அதே டன்ஸ்ஃபோல்ட், அதே விளம்பரமில்லா ஒரு மணி நேரம். பிரிட்டிஷ் பார்வையாளர்கள் அவரை என்ன செய்தார்கள்? ஆறு வருடங்களுக்கு முன்பு அமெரிக்கர்களைச் சொன்ன அதே சொற்களால் அடித்தார்கள்: கத்துகிறார், ஒட்டவில்லை, கிளார்க்சனைப்போல் நடிக்கிறார். ஒளிபரப்பான இரவின் கணக்குப்படி முதல் வாரம் 44 லட்சமாக இருந்த பார்வையாளர்கள் ஆறாவது வாரம் 20 லட்சத்துக்கும் கீழே இறங்கினார்கள். எவன்ஸ் அந்த ஒரே சீசனோடு விலகினார். அந்த அணியில் ரசிகர்களிடம் தேறியவர்களில் ஒருவர் யார் தெரியுமா? மாட் லெப்ளாங்க், அமெரிக்க நடிகர். அவர் 2019 வரை இருந்தார். ஆக, கோபத்தைக் கிளப்பியது நாடு அல்ல. பழகிய நாற்காலியில் வேறொருவர், பழைய ஆளின் சாயலில் உட்கார்வதைத்தான் தாங்க முடியவில்லை. லெப்ளாங்க் யாரைப்போலவும் நடிக்கவில்லை. சோம்பலாக, தன் பாட்டில் இருந்தார், அதனால் தப்பித்தார்.

அமெரிக்க நிகழ்ச்சியும் பிற்பாடு தேறியது இதே வழியில்தான் என்று நினைக்கிறேன். முதல் சீசனிலேயே அதற்கு அடையாளம் இருந்தது. மூவரும் பழைய கார்களை வாங்கி, கள்ளச்சாராயம் கடத்துகிறவர்களைப்போல மலைச்சாலையில் ஓட்டும் ஒரு சவால் வந்தது. பிரிட்டிஷ் மூவர் இதை எடுத்திருக்கவே முடியாது. இதன் வேர் அமெரிக்கத் தென்மாநிலங்களில் இருக்கிறது. 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு இருந்தபோதும், வரிக்குத் தப்ப அதற்குப் பின்னும், அப்பலாச்சிய மலைகளில் காய்ச்சிய சாராயத்தை இரவில் காவலர்களை முந்திக்கொண்டு ஓட்ட வேண்டியிருந்தது. வெளியே சாதாரணக் காராகத் தெரியும், உள்ளே எஞ்சினை முறுக்கேற்றியிருப்பார்கள். சாராயத்தின் எடையில் பின்பக்கம் தொங்கி மாட்டிக்கொள்ளாமல் இருக்கக் கனத்த ஸ்பிரிங் போட்டிருப்பார்கள். யார் வண்டி வேகம் என்று அவர்கள் தங்களுக்குள் பார்த்துக்கொண்ட பந்தயமும் 1948-இல் அமைப்பாகத் திரண்ட நாஸ்காருக்கு ஓர் ஊற்று. ஜூனியர் ஜான்சன் போன்ற புகழ்பெற்ற பந்தய வீரர்களின் கை சாராய வண்டியில் பழகிய கை. ரட்லெட்ஜ் வுட் இந்த உலகத்து மனிதர். அந்தச் சாலையில் அவர் நடிக்க வேண்டியிருக்கவில்லை. மலிவான வண்டி என்பதால் ஃபவுஸ்டின் திறமையும் பாதி செல்லாமல் போயிற்று; மூவரும் ஒரே தரையில் நின்றார்கள். முதல் நாள் திட்டியவர்களிலேயே பலர் இந்தப் பகுதிக்குப் பிறகு குரலைத் தாழ்த்தினார்கள்.

பிந்தைய சீசன்களில் ஸ்டுடியோ சுருங்கியது, பிறகு இல்லாமலே போனது. பிரபலம் ஓட்டும் பகுதியும் போயிற்று. ஒரு பகுதி முழுவதும் ஒரே பயணம், மூன்று வண்டி, வழியில் ரிப்பேர், சண்டை. 42 நிமிடத்தில் ஏழு காரியம் செய்வதை விட்டு ஒரே காரியம் செய்ததால் மௌனத்துக்கு இடம் கிடைத்தது. படத்தொகுப்பாளனாக இதை நான் உறுதியாகச் சொல்வேன். கூடவே மூவரும் ஒருவரோடொருவர் பழகியும் போனார்கள். இரண்டில் எதன் பங்கு எவ்வளவு என்று கேட்டால் பிரித்துச் சொல்ல இயலாது. என் தொழில் புத்தி முன்னதன் பக்கம் சாய்கிறது, அவ்வளவுதான்.

இனி, உறுதியாகச் சொல்லக் கூடாத ஒன்று. கார் நிறுவனங்களின் விளம்பரத்துக்குப் பயந்துதான் அமெரிக்கர்கள் மென்மையாக விமர்சித்தார்கள் என்பது அப்போது பரவலாக ஓதப்பட்ட குற்றச்சாட்டு. பிபிசி மக்கள் கட்டும் உரிமக் கட்டணத்தில் நடக்கிறது, யாரையும் பகைத்துக்கொள்ளலாம் என்பது உண்மை. விளம்பரத்தில் வாழும் சானலில் கார் நிறுவனங்கள் பெரிய வாடிக்கையாளர்கள் என்பதும் உண்மை. இரண்டு உண்மைகளை அடுத்தடுத்து வைத்தாலே மூன்றாவது நிரூபணமாகிவிடாது. விமர்சனம் மென்மையானதற்கு நேரக்குறைவே போதுமான காரணம்: ஒரு காரை ஆறு நிமிடம் ஓட்டிக்காட்டினால் அதில் இரண்டு நிமிடம் திட்டலாம், மூன்று நிமிடம்தான் என்றால் புகை கிளப்பி வளைத்துக் காட்டுவதோடு முடிந்துவிடும். தொலைபேசியில் ஒருவர் மிரட்டினார் என்பதைவிட இது அலுப்பான விளக்கம், ஆனால் எங்கள் தொழிலில் பெரும்பாலானவை அலுப்பான காரணங்களால்தான் நடக்கின்றன.

நீங்கள் படித்த வசைகளை எழுதியவர்கள் யார் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். முதல் இரவு விழித்திருந்து எழுதுகிறவர் மூலத்தை நேசிக்கிறவர். நேசிக்காதவருக்கு எழுத என்ன அவசரம்? ஹிஸ்டரி சானலின் வழக்கமான பார்வையாளர் அடகுக்கடை நிகழ்ச்சியும் பனிச்சாலை லாரி நிகழ்ச்சியும் பார்த்துப் பழகியவர். அவருக்கு இது புதிதாக வந்த மூன்று கார்க்காரர்களின் நிகழ்ச்சி, அவ்வளவே. அவர் திட்டவும் இல்லை, பாராட்டி எழுதவும் இல்லை, பார்த்தார். ஆறு சீசன், எழுபதுக்கும் மேற்பட்ட பகுதிகள், 2016 ஜூன் வரை ஒரு வணிகச் சானல் ஓட்டியது என்றால் அந்த வாய் திறக்காதவர்களால்தான். எங்கள் நிகழ்ச்சிகளிலும் இதே கதை. வந்து குவிந்த கடிதங்களை மட்டும் நம்பியிருந்தால் மூன்றையும் மூன்றாம் வாரமே நிறுத்தியிருப்போம். கேபிள்காரர் வீட்டு வரவேற்பறையில் அது ஓடிக்கொண்டிருந்ததை ஒருநாள் தற்செயலாகப் பார்த்தபோதுதான் எனக்கு உயிர் வந்தது.

2017-இல் பிபிசி அமெரிக்கா வேறு மூவரை வைத்து மறுபடி ஓர் அமெரிக்க 'டாப் கியர்' எடுத்தது. நடிகர் வில்லியம் ஃபிக்ட்னர், டிராக் பந்தய வீரர் ஆன்ட்ரான் பிரவுன், பிரிட்டிஷ் கார் எழுத்தாளர் டாம் ஃபோர்ட். ஒரே சீசனில் முடிந்தது. 2021-இல் டாக்ஸ் ஷெப்பர்ட், ராப் கார்ட்ரி, ஜெத்ரோ போவிங்டன் என்று இன்னொரு அணியும் வந்தது. 2017-இல் முதல் பகுதி வந்த மறுநாள் அத்தான் தொலைபேசியில் அழைத்தார். "மாப்பிள்ளை, ஒன்றும் சரியில்லை. அந்தப் பழைய மூன்று பேரையே வைத்திருக்கலாம்" என்றார். கிளார்க்சன் கூட்டத்தையா சொல்கிறீர்கள் என்று கேட்டேன். இல்லை, ஃபெராரா, ஃபவுஸ்ட், வுட் என்று பெயர் பெயராகச் சொன்னார். 2010-இல் இருபது நிமிடத்தில் தொலைக்காட்சியை அணைத்ததை நினைவுபடுத்தினேன். அன்று முறுக்கு தீர்ந்துபோனதால் எழுந்ததாக அவர் இன்றுவரை சொல்லிவருகிறார்.